சுறாவுக்கு அரைப்பேர்

சுறாவுக்கு அரைப்பேர் போட்ட மனிதர் உலகத்தில் எங்கள் கணக்கப்பிள்ளை ஒருவராகத்தான் இருப்பார். அரைப்பேர் என்ற சொல்லைக் கேட்டாலே தோட்டத்தில் வேலை செய்தவளுக்கு வயிறு எரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், அட்டைக்கடியும் மழையுமாக நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்து வந்து, தராசில் நிறை குறைந்தால், அன்றைக்கு வந்தது அரை ஆள்தான் என்று எழுதி அரை நாள் சம்பளம்தான் தருவார்கள். முழு ஆளாகப் போய் அரை ஆளாகத் திரும்பி வருகிற வித்தை அது. அந்த வித்தையை அவர் மீனிடமும் காட்டினார்.

கந்தப்பளைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை, ஸ்டோர் என்போம், மூடிச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கொழுந்து லொறியில் ஏறிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. தொண்ணூறுகளின் கடைசியில், கடற்கரைப் பக்கத்து முதலாளி ஒருவர் அந்தக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருகிற கொழும்புக்காரர்கள் பூவையும் குதிரையையும் எத்தனை தரம்தான் பார்ப்பார்கள், மலை உச்சியில் கடல் மீனைக் காட்டினால் வேன் வேனாக வந்து இறங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. கொழுந்து வாட்டிய மேல்மாடியில் சின்ன மீன்களுக்குக் கண்ணாடிப் பெட்டிகள் வைத்தார். கீழே, மெஷின்கள் நின்ற இடத்தில், ஒன்றரை ஆள் ஆழத்துக்குச் சீமெந்துத் தொட்டி கட்டி, முன்பக்கத்துக்குத் தடித்த கண்ணாடி போட்டார். அது சுறாத் தொட்டி. சுறாவுக்குச் சூடு வேண்டும். எங்கள் ஊரிலோ ஜனவரி மாதத்தில் வாளித் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துப்போகும். அதற்கும் வழி கண்டுபிடித்தார். தேயிலை காய வைத்த பெரிய அடுப்பு அப்படியே கிடந்தது. அதை மூட்டி, குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கினார். தேயிலைக்கு எரிந்த அடுப்பு சுறாவுக்கு எரிந்தது.

வேலையாட்களை மேய்க்க ஓர் ஆள் வேண்டும் என்று, எங்கள் மலைக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்தவரையே பிடித்துப் போட்டார். அவருக்கு மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் குழம்பு வரைக்கும்தான். ஆனால் ஆட்களைப் பற்றி எல்லாம் தெரியும்.

அவரிடம் நான் ஏன் போய் வேலைக்கு நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் மலையிலேயே போய்விட்டது. கொழுந்து நிறுக்கிற இடம் மேட்டில் இருந்தது. தலையில் கயிறு மாட்டி, முதுகில் பாரத்தோடு ஏறும்போது அடிவயிறு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். "ஐயா, வலிக்குதுங்க, நான் எறங்கிப் போறேங்க" என்றேன். "நிறுத்துட்டுப் போ. கொழுந்த இங்க வச்சிட்டுப் போனா எவ கணக்குல எழுதுறது?" என்றார் கணக்கப்பிள்ளை. வரிசையில் நின்று, என் முறை வந்து, நிறுத்துவிட்டுத்தான் இறங்கினேன். லயத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அவர் அரைப்பேர்தான் போட்டார். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் தோட்டத்தில் என் பெயரை வெட்டிக்கொண்டேன். பிறகு மீன் பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, அதே மனிதர் முன்னால் போய் நின்றேன். வேறு எங்கே போவது? மீன்சாலையில் ஏற மலை இல்லை. அது ஒன்றே போதும் என்று நினைத்தேன்.

கடல் தண்ணீரைப் பவுசர் என்கிற தாங்கி லொறியில் கொண்டுவருகிற ஆள் ஒருவர் இருந்தார். சிலாபம் பக்கத்துக்காரர். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். சுறாவைப் பார்க்கிற முறையை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். தினமும் தீனி போடக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். சாளை மீனும் கணவாயும் ஐஸ் பெட்டியில் இருக்கும். அதைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரில் தானாக இளக விட வேண்டும். சாளையின் செவுளைப் பிளந்து உள்ளே ஒரு விட்டமின் மாத்திரை வைக்க வேண்டும். ஐஸில் கிடந்த மீனில் சத்துப் போய்விடுமாம். நீண்ட இடுக்கியால் பிடித்து, எப்போதும் தொட்டியின் ஒரே மூலையில், முதலில் தண்ணீரை இடுக்கியால் தட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் சாப்பாடு என்று அது பழகிக்கொள்ளும். தின்னாமல் விட்டதை உடனே வலையால் அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும். உப்புச் சரியா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் மிதக்க விடுவோம். கண்ணாடியின் உட்பக்கத்தில் பாசி பிடிக்கும், அதை நீளக் கம்பில் கட்டிய பஞ்சால் தேய்ப்போம்.

"இது ஆளக் கடிக்கிற சாதி இல்ல தங்கச்சி. ஆனா பசிச்சா இதுக்குக் கை எது, மீன் எதுன்னு தெரியாது. வயித்த நெறச்சு வச்சா நீயும் நல்லம், அதுவும் நல்லம்" என்றார் பவுசர்க்காரர்.

முதலில் வந்தது இரண்டு சுறா. துடுப்பு நுனிகளில் மை தொட்டு வைத்ததுபோலக் கருப்பு. ஒவ்வொன்றும் என் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். நிற்கவே நிற்காது. நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடும், அதனால் தூங்கும்போதுகூடச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். இதைக் கேட்டதும் கணக்கப்பிள்ளை முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். நிற்காமல் வேலை செய்கிற சாதி ஒன்றைக் கடவுள் அவருக்காகவே படைத்து அனுப்பியதாக நினைத்தாரோ என்னவோ.

ஒரு சுறா முதல் மழையிலேயே போய்விட்டது. விறகு நனைந்திருந்தது. உலர்ந்த விறகு வேறு கொட்டிலில் இருந்தும், சீசனுக்கு வேண்டும் என்று அதைப் பூட்டி வைத்திருந்தார் கணக்கப்பிள்ளை. அடுப்பு புகைந்துகொண்டே கிடந்தது, தண்ணீர் சில்லிட்டது, காலையில் பார்த்தால் ஒன்று அடியில் மல்லாந்து கிடந்தது. செத்ததை வெளியே போட்டால் ஊர் பேசும் என்று அந்த அடுப்புக்குள்ளேயே தள்ளச் சொன்னார். அன்றைக்குப் பார்த்து அடுப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. மீன் சுடுகிற வாசம் புகைபோக்கி வழியாகப் போய் லயமெல்லாம் பரவியது. பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட்டடிக்கு வந்து நின்றார்கள். கருவாட்டுத் தலைக்கே வழி இல்லாத பிள்ளைகள். வாட்ச்சர் அவர்களை நாயை விரட்டுவதுபோல விரட்டினார்.

மிஞ்சியது ஒன்று. அதற்கும் குளிர் விட்டுப்போகவில்லை. சூட்டுக்குழாய் தொட்டியின் பின்பக்கத்தில் இருந்ததால், அங்கேயே சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பக்கம் வந்தால் உடனே திரும்பிவிடும். டிக்கட் எடுத்து வந்தவர்கள் வாலைத்தான் பார்த்தார்கள். முணுமுணுத்தார்கள். கணக்கப்பிள்ளை தொட்டி முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து, மலையில் எங்களைப் பார்ப்பதுபோலவே அதைப் பார்த்தார்.

"வேலைக்கள்ளி. முன்னுக்கு வராம பின்னுக்கே நின்னு காலத்த ஓட்டுது. இன்னையில இருந்து இதுக்கு அரப்பேரு. என்னைக்கு முன்னுக்கு வருதோ அன்னைக்கு முழுப்பேரு."

"ஐயா, அது குளுருக்காகத்தாங்க பின்னுக்குப் போகுது" என்றேன்.

"ஒனக்குந்தான் குளுருது. நீ வேல செய்யலயா?"

அவர் சொன்னால் சொன்னதுதான். ஐஸ் பெட்டிச் சாவி அவரிடம் இருந்தது. எப்போதும் போடுகிறதில் பாதி சாளையைத்தான் எடுத்துத் தருவார். கணவாய் நின்றுபோனது. நான் மூலையில் தண்ணீரைத் தட்டுவேன், சுறா வேகமாக வந்து ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டு, இன்னொன்று வரும் என்று அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். வராது. ராத்திரி பகல் ஓய்வு என்பதே தெரியாத பிராணிக்கு வேலைக்கள்ளி என்று பட்டம். எனக்கு அதன் மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. எனக்கு வந்தது பயம். அதன் தலைக்குப் பின்னால் குழி விழுந்து, முதுகு கூராகத் தெரிய ஆரம்பித்தது. இடுக்கியை அது கவ்வுகிற வேகம் நாளுக்கு நாள் கூடியது. தொட்டி விளிம்பில் குனிந்து நின்று தீனி போடுகிறவள் நான்.

அந்தச் சமயத்தில் நான் மறுபடியும் உண்டாகியிருந்தேன்.

புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தைப்பொங்கலுக்கு வந்தபோது சொன்னேன். சந்தோஷப்பட்டார், உடனே பயந்தும் போனார். "வேலைய மட்டும் விட்டுறாத. விட்டா மறுபடி மலைக்குத்தான் போகணும்" என்றார். அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா எனக்கு? தோட்டத்தில் பெயர் வெட்டிக்கொண்டவளைத் திரும்ப எடுத்தால் கைக்காசுக் கொழுந்துக்குத்தான் எடுப்பார்கள், எடுத்த நிறைக்குத்தான் காசு. பிள்ளைத்தாச்சி என்று எந்தச் சலுகையும் கிடையாது. அதே மலை, அதே மேடு. மீன்சாலையிலோ, பிள்ளைத்தாச்சிகளுக்கு இங்கே வேலை இல்லை என்று கணக்கப்பிள்ளை முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் மறைத்தேன். புருஷனுடைய பழைய சுவெட்டரைப் போட்டு, அதற்கு மேலே கொழுந்து எடுக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டேன். குளிர் ஊர் என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளை தங்க வேண்டும். அதற்கு நான் மலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். அதற்கு வயிறு தெரியாமல் இருக்க வேண்டும். என் புத்தி முழுவதும் இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றியது.

பயத்தில் ஒரு பைத்தியக்கார வேலையும் செய்தேன். லயத்தில் இருந்த கருவாட்டை ஊற வைத்து, உப்புப் போக அலசி, சீலைக்குள் ஒளித்துக் கொண்டுபோய்ச் சுறாவுக்குப் போட்டேன். வயிறு நிறைந்தால் கடிக்காது அல்லவா? அது வாயில் வாங்கி, ஒரு சுற்றுப் போய், அப்படியே துப்பிவிட்டது. மறுநாளும் போட்டேன், மறுநாளும் துப்பியது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்கிற சாமானை, தோல் எலும்போடு ஒட்டிக் கிடக்கும்போதும் அது தொட மாட்டேன் என்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "அப்ப சாவு, மூதேவி" என்று திட்டிவிட்டு, துப்பியதை வலையால் அள்ளிக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தேன்.

மார்ச் மாதத்தில் முதலாளி சீசனுக்கு ஏற்பாடு பார்க்க வந்தார். சிங்களவர், தமிழ் பேசுவார். தொட்டி முன்னால் நின்றதும் முகம் மாறியது.

"ஏன் இது இப்பிடி மெலிஞ்சுபோனது? சாப்பாடு குடுக்கிறது இல்லையா?"

கணக்கப்பிள்ளை ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "நான் குடுக்கிறேன் மொதலாளி. கையில இருந்து தொட்டிக்குப் போற வழியில கொறயுது." என் பக்கம் திரும்பினார். "நீங்களே பாருங்க. சுறா வயிறு உள்ள போகுது, இவ வயிறு வெளிய வருது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வெளியே போகிற பெண்களின் மடியைத் தட்டிப் பார்ப்பார்கள், தூள் எடுத்துப் போகிறாளா என்று. அந்தப் பழக்கத்தை இவர் மீனுக்கும் வைத்திருந்தார். தினமும் கேட்டடியில் நாங்களே மடியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவோம். நான் மேலோட்டமாகத் தட்டிவிட்டு நழுவிவிடுவேன். அன்றைக்கு அவர், "சாக்க அவுறு" என்றார்.

அவிழ்த்தால் பிள்ளைத்தாச்சி, வேலை போகும். அவிழ்க்காவிட்டால் கள்ளி, அப்போதும் வேலை போகும், தோட்டம் பூராவும் பெயரும் போகும். எனக்குக் கோபம்தான் வந்தது. சாக்கை அவிழ்த்து அவர் காலடியில் போட்டேன். சுவெட்டரையும் தூக்கிப் பிடித்தேன்.

"மடியில மீன் இல்லீங்க மொதலாளி. வயித்துல புள்ள. தட்டிப் பாக்குறதுன்னா பாத்துக்கங்க. அரப்பேரு போட்டுச் சுறாவப் பட்டினி போட்டது இந்த ஐயாதாங்க."

கணக்கப்பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது. "புள்ளத்தாச்சியா? ஏன் சொல்லல? நாளையில இருந்து வர வேணாம், போ."

முதலாளி கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். என் வயிற்றையும் சுறாவையும் மாறி மாறிப் பார்த்தார். காய்கறிச் சந்தையில் நல்ல சரக்கைக் கண்டவர் மாதிரி அவர் முகம் மெல்ல மலர்ந்தது. எனக்கு அப்போது அது தெய்வத்தின் முகமாகத் தெரிந்தது. அவ்வளவு மடைச்சி நான்.

"இவ இருக்கட்டும். சீசனுக்கு இவதான் சாப்பாடு போட வேணும், ஆக்களுக்கு முன்னுக்கு. மைக்கில சொல்லுங்க, கர்ப்பிணிப் பொம்பள சுறாவுக்குச் சாப்பாடு குடுக்கிறா எண்டு. பாருங்க, எவ்வளவு சனம் வருகுது எண்டு." பிறகு கணக்கப்பிள்ளையிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "அரப்பேரு நல்லது. அப்பிடியே வைங்க. பசி இருந்தா நல்லாப் பாயும்."

அப்படித்தான் என் வேலை தங்கியது.

ஏப்ரல் பிறந்தது. கொழுந்து வாட்டிய தட்டிலிருந்து கழற்றிய ஒரு பலகையைத் தொட்டிக்குக் குறுக்கே போட்டார்கள். கண்ணாடிப் பக்கமாக, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில். எனக்கு ஒரு சிவப்புச் சீலை கொடுத்தார்கள். வயிறு நன்றாகத் தெரியும்படி இழுத்துக் கட்டச் சொன்னார்கள். முன்பு மறைத்ததற்குத் திட்டிய கணக்கப்பிள்ளையே இப்போது, "இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி நில்லு, தெரியல" என்றார். மைக்கைப் பிடித்ததும் அவருக்குக் குரலே மாறிவிடும். "மனுசனத் தின்னும் சுறா! ஏழு மாசக் கர்ப்பிணி! கிட்ட வாங்க, கிட்ட வாங்க!" சிங்களத்திலும் அதையே சொல்வார். சனம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும். ஜாக்கெட் போட்ட அப்பாமார் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். கொட்டகலையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர், "பிள்ளை, நீர் கவனமா நில்லும், பலகை ஈரமாக் கிடக்குது" என்றார். பிறகு பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று அவர்களை முன்னுக்குத் தள்ளிவிட்டார்.

என் லயத்துப் பெண்களும் வந்தார்கள். "ஏன்டி, வயித்துப் புள்ளயோட இப்பிடிக் கூத்தாடுறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவள் டிக்கட் எடுத்துத்தான் உள்ளே வந்திருந்தாள். நல்ல இடமும் பிடித்திருந்தாள்.

நான் இடுக்கியால் தண்ணீரைத் தட்டுவேன். பின்பக்கத்திலிருந்து அது அம்புபோல வரும். கொழுந்து கிள்ளிப் பழகிய கைக்கு வேகம் உண்டு, அதனால் தப்பித்தேன். ஒவ்வொரு தடவையும் சாளையைக் கவ்விக்கொண்டு அது போனதும் சனம் மூச்சு விடும். அந்த மூச்சில் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். மேலே பலகையில் நிற்கிறவளுக்கு இந்த இரண்டும் தனித்தனியாகக் கேட்கும்.

சீசனில் சனம் அதிகம் வந்த ஞாயிற்றுக்கிழமை. சுறா நன்றாகப் பாய வேண்டும் என்று முந்தின நாட்களில் அதற்கு ஒன்றுமே போடவில்லை. அரைப்பேர் போய் வெறும் பட்டினி. நான் தட்டினேன். அது மீனை மட்டும் எடுக்காமல் இடுக்கியையும் சேர்த்துக் கவ்வியது. இழுத்தால் விட்டுவிடு என்று பவுசர்க்காரர் சொல்லித் தந்திருந்தார். ஆனால் இடுக்கி போனால் என் சம்பளத்தில் வெட்டுவேன் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். இரண்டு பேரில் யார் சொல் என் கைக்கு முதலில் ஞாபகம் வந்தது? கணக்கப்பிள்ளை சொல்தான். விடவில்லை. பலகை வழுக்கியது. சிவப்புச் சீலையோடு உள்ளே போனேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகங்கள் தெரிந்தன, வாய்கள் திறந்திருந்தன. இரண்டு கையும் வயிற்றைத்தான் பிடித்துக்கொண்டன, மூக்கையோ வாயையோ அல்ல. சுறா என் பக்கமாக வந்தது. அதன் தோல் என் கையில் உரசியது. உப்புத்தாள் தேய்த்ததுபோல எரிந்தது. பிறகு அது திரும்பி, சூட்டுக்குழாய் மூலைக்குப் போய் அங்கே சுற்ற ஆரம்பித்துவிட்டது. பயந்துவிட்டது. பட்டினி போட்டு, வெளிச்சம் போட்டு, கூச்சல் போட்டு வைத்திருந்த அந்தப் பிராணி என்னைக் கண்டு பயந்து ஓடியது. சீசன் விறகு எரிந்ததால் தண்ணீர் மட்டும் நல்ல சூடாக இருந்தது. அந்த வருஷம் என் உடம்பு முழுசாகச் சூடானது அப்போதுதான்.

அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவந்திருந்த பவுசர்க்காரர் வலைக்கம்பை நீட்டி என்னை இழுத்து விளிம்பில் போட்டார். உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தேன். வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். பிள்ளை உதைத்தது. இன்னொரு தடவை உதைத்தது. அழுகை வந்துவிட்டது, சத்தமாக அழுதேன். அந்த நேரத்தில் கண்ணாடிப் பக்கத்தில் ஒருவர் சிங்களத்தில் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அவ்வளவுதானா? கடிக்கவே இல்லையே!"

வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். மனுசனைத் தின்னும் சுறா என்று மைக்கில் சொன்னது பொய்தானே, டிக்கட் காசைத் திருப்பிக் கொடு என்று சத்தம் போட்டார்கள். கணக்கப்பிள்ளை தொட்டியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். எல்லாம் கைக்கெட்டிய நேரத்தில் வேலை செய்யாமல் போய்விட்டது அந்தச் சுறா.

முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதிரையில் உட்காரச் சொன்னார். பால் தேத்தண்ணி வந்தது, தலை துவட்டத் துவாய் வந்தது. என் வாழ்க்கையில் ஒரு முதலாளிக்கு முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"புள்ள நல்லமா?"

"அசையுதுங்க."

"நல்லது, நல்லது." வெளியே சனம் இன்னும் கலையவில்லை, விழுந்தாளாமே விழுந்தாளாமே என்று புதிதாக வேறு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அதை அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"நாளைக்கும் விழ ஏலுமா?"

நான் அவர் முகத்தில் தேத்தண்ணியை ஊற்றியிருக்க வேண்டும் என்று இதைக் கேட்டவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் யாரும் மேட்டில் கொழுந்து தூக்கியவர்கள் அல்ல. நான் யோசித்தேன். தண்ணீர் சூடு. பாரம் இல்லை. இழுத்துப்போட ஆள் உண்டு. சுறா பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துவிட்டது. மலைக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"இடுப்புல கயிறு கட்டணுங்க. காலையில சுறாவுக்கு வயிறு நெறயப் போடணும், கணவாயோட. போட்டா விழுறேங்க" என்றேன்.

கணக்கப்பிள்ளை வாசலில் நின்று, "இவ என்ன மொதலாளிக்கே சட்டம் பேசுறா" என்று துள்ளினார். முதலாளி, "போடுங்க, போடுங்க" என்றார்.

அந்த ஏப்ரல் முழுவதும் நான் விழுந்தேன். காலையில் சுறா தின்னும், பிற்பகலில் நான் விழுவேன். வயிறு நிறைந்த சுறா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் வழியில் போகும். விழுவதற்கு முன்னால் ஓர் அலறல் வேண்டும் என்றார் கணக்கப்பிள்ளை, அலறினேன். போகப் போக நன்றாகவே அலறினேன். சனம் கைதட்டியது. என் லயத்துப் பெண்கள் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்கள். சீசன் முடிந்து கொழும்பு வேன்கள் இறங்கிப் போனதும் விறகை நிறுத்தினார்கள். சுறா எத்தனை நாள் தாங்கியது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

பிள்ளை பிறந்தாள். முழு மாதத்தில், உயிரோடு, தலை நிறைய முடியோடு. தடுக்கில் கிடந்து அவள் கை காலை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், கணக்கப்பிள்ளை லயத்து வாசலில் வந்து நின்றார். மரியாதைக்குச் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். குனிந்து பிள்ளையைப் பார்த்தார். அவர் அவ்வளவு கனிவாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"மொதலாளி அடுத்த சீசனுக்குப் புதுச் சுறா எறக்குறாராம். தண்ணியிலயே வளந்த புள்ளதான இது, பயப்படாது. சீசன் வர்றதுக்குள்ள ஒக்காரப் பழகியிரும். இதயும் தூக்கிட்டு வா. நல்ல சம்பளம் போடுவாரு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவை அவர் முகத்தில் சாத்தினேன். வெளியே அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது கேட்டது. இருட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். அவரைச் சபித்தேன், முதலாளியைச் சபித்தேன், கைதட்டிய சனத்தைச் சபித்தேன். இதெல்லாம் செய்து முடித்த பிறகு, அந்தக் கயிற்றை இவள் இடுப்புக்குத் தகுந்தாற்போல எவ்வளவு சின்னதாகக் கட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.